கண், செவி, மனம்: புலனெல்லையில் ஒரு கலை வரலாறு

உயிர்களை அறிவின் அளவால் வகுத்த தொல்காப்பியர், மரபியலில் தொடுவுணர்வை முதலிலும் மனத்தை இறுதியிலும் வைத்தார். மெய், நாக்கு, மூக்கு, கண், செவி, மனம் என்பது அவர் கொண்ட வரிசை. புல்லும் மரமும் முதற்படியில் நிற்க, மக்கள் ஆறாம் படியில் நிற்கின்றனர். இவ்வரிசையின் கடைசி மூன்று படிகளான கண், செவி, மனம் ஆகியவற்றின் எல்லை எது என்னும் வினா பழமையானது. அவ்வினாவையே கருப்பொருளாகக் கொண்ட கலையொன்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றி வளர்ந்தது. ஒலியையும் ஒளியையும் கொண்டு ஓர் இடம் முழுவதையும் படைப்பாக மாற்றி, பார்வையாளரை அதனுள் நிறுத்தும் இக்கலையை நிறுவல் கலை என்பர். ஓவியர் வழக்கில் அது இன்ஸ்டலேஷன்.

இது மேலைநாட்டுச் சரக்கு, மின்கருவிகளின் வேடிக்கை, கவிதைக்கும் இதற்கும் உறவில்லை என்னும் கருத்து தமிழ்க் கவிஞர் சிலரிடையே உண்டு. அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி சூழ்ந்த இம்மேற்குப் புறநகர் மண்ணின் பழங்கதைகளே அதற்கு விடை தருகின்றன.

மூன்று ஊர்கள்

முதலாவது, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள வட திருமுல்லைவாயில். சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்த சுந்தரர், ஆரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட, ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த கணத்தில் இரு கண்களும் ஒளியிழந்தன. உடன் வந்தோர் வழிகாட்ட அவர் வந்து சேர்ந்த தலம் திருமுல்லைவாயில். அங்கே பாடியபின் திருவெண்பாக்கம் சென்றார். ஊன்றுகோல் ஒன்றே கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் திரும்பப் பெற்றார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. அந்தப் பழைய திருவெண்பாக்கமே இன்று இல்லை. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் அது மூழ்க, கோயில் மேட்டுநிலத்துக்கு மாற்றப்பட்டது. கண்ணிழந்த புலவன் காலாலும் செவியாலும் அறிந்த ஊரை இன்று கண்ணுள்ளவர்களும் காண இயலாது.

இரண்டாவது, பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு பூண்டிருந்த நம்பிகளோடு இறைவன் நேரே உரையாடினான் என்பது வைணவ மரபு. இராமானுசர் தம் உள்ளத்து ஐயங்களைத் தாமே சென்று கேட்கவில்லை. நம்பிகளின் வழியே கேட்டு ஆறு வார்த்தைகளை விடையாகப் பெற்றார். அருகில் நின்ற பிறர் செவிக்கு எட்டாத ஒலி ஒருவர் செவிக்கு மட்டும் எட்டியது என்பதே இக்கதையின் உட்பொருள்.

மூன்றாவது, ஆவடிக்கு மேற்கே உள்ள திருநின்றவூர். பூசலார்க்குக் கோயில் எழுப்பப் பொருளில்லை. எனவே கருங்கல்லும் மரமும் சிறிது சிறிதாக மனத்திலேயே திரட்டினார்; நாள் பார்த்துக் கால்கோளிட்டார்; விமானமும் மதிலும் கிணறும் குளமும் மனத்திலேயே அமைத்தார்; குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூர் அன்பன் கோயிலுக்குச் செல்வதால் வேறு நாள் கொள்க என்றான். அக்கற்றளி இராசசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயில் என்பது ஆய்வாளர் கொள்கை. மன்னன் நின்றவூருக்கு விரைந்து வந்து கோயில் எங்கே என்று வினவ, அப்படியொன்று இங்கில்லை என்றனர் ஊரார்.

கண் பறிபோன கதையும், செவி கூர்மையுற்ற கதையும், மனமே கட்டடமான கதையும் சில கல் தொலைவுக்குள் அமைந்துள்ளன. தொல்காப்பியர் வகுத்த நான்காம், ஐந்தாம், ஆறாம் அறிவுகளுக்கு இவ்வட்டாரம் ஆளுக்கொரு சான்று வைத்திருக்கிறது. முதற் கதையையும் மூன்றாம் கதையையும் செய்யுளாக்கிய சேக்கிழாரும் பூவிருந்தவல்லியை அடுத்த குன்றத்தூரில் பிறந்தவர் என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

வடலூரின் ஏழு திரைகள்

கதைகளாக இருந்த இவை கட்டடமாக உருப்பெற்ற ஓரிடமும் தமிழ்நாட்டில் உண்டு. அதனை அமைத்தவரும் இவ்வட்டாரத்தைப் பாடிய புலவரே. சென்னையில் வாழ்ந்த காலத்தில் ஒற்றியூருக்கு நாளும் நடந்த இராமலிங்க வள்ளலார், பாடியில் உள்ள திருவலிதாயத்தையும் திருமுல்லைவாயிலையும் பாடியுள்ளார். 1850களின் இறுதியில் சென்னையை விட்டு நீங்கிய அவர், 1867இல் வடலூரில் தருமச்சாலையும், 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையும் தொடங்கினார்.

எண்கோண வடிவில் அமைந்த அச்சபையின் நடுவே விளக்கு. அதன் முன் கண்ணாடி. அதற்கும் முன்னால் ஏழு திரைகள்: கருமை, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என ஒவ்வொன்றும் ஒரு நிறம். தைப்பூசத்தன்று அவை ஒவ்வொன்றாக விலக்கப்பட, இறுதியில் சுடர் தெரிகிறது. சிலை இல்லை, உருவம் இல்லை, கூடி நிற்பவர் காண்பது நிறம் நீங்குதலையும் ஒளி வெளிப்படுதலையுமே. மாதந்தோறும் வரும் பூச நாளில் திரை முழுவதும் விலக்கப்படுவதில்லை. ஆறு திரைகள் விலகிய நிலையிலேயே காட்சி கிடைக்கிறது. காண்பதற்கும் காணாமைக்கும் இடையே ஒரு மெல்லிய துணி எஞ்சி நிற்கிறது.

வள்ளலார் இதனைக் கலைப்படைப்பாக அமைக்கவில்லை, வழிபாட்டிடமாகவே அமைத்தார். அவ்வேறுபாட்டை மறந்து, மேலைநாட்டார் இன்று செய்வதைத் தமிழர் அன்றே செய்தனர் என்று மார்தட்டுவது வரலாறாகாது. ஆயினும் ஒளியையும் நிறத்தையும் காத்திருத்தலையும் கருவியாக்கி, காண்பவரின் கண்ணைப் பக்குவப்படுத்தும் முறை இங்கே முழுமை பெற்றிருக்கிறது. சிதம்பரத்தில் திரையை விலக்கி வெற்று வெளியைக் காட்டும் மரபின் மறுபக்கம் இது. அங்கே திரைக்குப் பின் வெளி. இங்கே திரைக்குப் பின் ஒளி.

இருட்டறையில் இருவர்

புலனெல்லையை அளந்தவர்கள் அறிவியலாரும் ஆவர். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன், ஒளிக்காக நோபல் பரிசு பெறுமுன் ஒலியை ஆராய்ந்தவர். மிருதங்கத்தின் தோலில் இடப்படும் கருஞ்சாந்து அதன் மேல்சுரங்களை இசைவான விகிதத்தில் அமைக்கிறது என்பதை அவரும் சிவகாளி குமாரும் 1920இல் நேச்சர் இதழில் விளக்கினர். அடுத்த ஆண்டு இலண்டனின் புனித பால் பேராலயத்தில், சுவரோரம் முணுமுணுத்த சொல் எதிர்ப்புறம் கேட்கும் மாடத்தையும் ஆராய்ந்தார்.

1928ஆம் ஆண்டு பிப்ரவரியில் கல்கத்தா பௌபசார் தெருவில் நடந்தது இதனினும் வியப்புக்குரியது. இருட்டறையில் இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் அமர்ந்திருந்தனர். வில்லையால் குவித்த சூரிய ஒளியை ஒரு நிறக் கண்ணாடி வழியே திரவத்தில் செலுத்தினர். அந்நிறத்தைத் தடுக்கும் மற்றொரு கண்ணாடி வழியே நோக்கினர். எதுவும் தெரியக்கூடாத இடத்தில் மங்கலான ஒளி தெரிந்தது. உலகை வியக்கவைத்த அக்கண்டுபிடிப்பின் முதல் கருவி, இருளுக்குப் பழகிய மனிதக் கண். இராமன் தம் இறுதிக் காலத்தில் பார்வையின் இயல்பையே ஆராய்ந்து 1968இல் நூல் வெளியிட்டார்.

கண்ணின் ஆற்றல் எவ்வளவு என்பதை ஹெக்ட், ஷ்லேர், பிரென் ஆகிய மூவர் 1942இல் அளந்தனர். இருளில் பழகிய கண்ணின் விழித்திரை ஐந்து முதல் பதினான்கு ஒளித்துகள்களை ஏற்றாலே மனிதர் ஒளியை உணர்கின்றனர் என்பது அவர்கள் முடிவு. அந்நிலையை எய்த அரைமணி நேரத்துக்கு மேல் இருளில் இருக்கவேண்டும். செவியோ வினாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். கேட்கத்தக்க மிகச் சிற்றொலியில் செவிப்பறை அசையும் தொலைவு ஓர் அணுவின் விட்டத்தினும் குறைவு. இத்துணை நுண்மை ஒவ்வொரு மனிதருக்கும் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் அமைதியும் இருளும்தாம் வாய்ப்பதில்லை.

மேலைநாட்டு முயற்சிகள்

ஒலி ஒளிக் காட்சி என்று பொதுமக்கள் அறிந்தது வேறு வகை. 1952இல் பிரான்சு நாட்டின் ஷாம்போர் அரண்மனையில் பால் இராபர்ட்-ஊதென் தொடங்கிய அக்காட்சி, 1965இல் தில்லி செங்கோட்டைக்கும் பின்னர் மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனைக்கும் வந்தது. அது கட்டடத்தைப் பின்னணியாக்கிக் கதை சொல்லும் நாடகம். நிறுவல் கலையோ கதை சொல்வதில்லை. கேட்பவரின் கேள்வியையும் காண்பவரின் காட்சியையும் அவருக்கே திருப்பிக் காட்டுகிறது.

இதற்கு வழி திறந்தவர்களுள் அமெரிக்க இசையாளர் ஜான் கேஜ் முதன்மையானவர். 1951ஆம் ஆண்டளவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் எதிரொலியற்ற அறைக்குள் முழு அமைதியை நாடிச் சென்ற அவருக்கு இரண்டு ஒலிகள் கேட்டன: ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது. நரம்பின் ஒலியும் குருதியோட்டத்தின் ஒலியுமே அவை என்றார் அங்கிருந்த பொறியாளர். அவ்விளக்கம், குறிப்பாக நரம்பைப் பற்றிய பகுதி, பின்னர் ஐயத்துக்குள்ளாயினும், உயிருள்ளவரை முழு அமைதி இல்லை என்று கேஜ் கண்ட உண்மை நிலைத்தது. அடுத்த ஆண்டில் நான்கு நிமிடம் முப்பத்து மூன்று வினாடி இசைக்காமல் இருக்கும் படைப்பை அவர் அரங்கேற்றினார். அன்று அவையினர் கேட்டது தம்மைச் சூழ்ந்த ஒலியை.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் டரல் ஒளியின் பக்கம் இதையே செய்தார். 1960களின் இறுதியில் இராபர்ட் இர்வின் என்னும் ஓவியரோடும் எட்வர்டு வொர்ட்ஸ் என்னும் உளவியலாரோடும் சேர்ந்து, எதிரொலியற்ற அறையிலும் எல்லைக்கோடற்ற ஒளிவெளியிலும் மனிதருக்கு நேர்வதை ஆராய்ந்தார். எல்லாத் திசையிலும் ஒரே நிற ஒளி நிறையும்போது ஆழமும் அகலமும் மறைகின்றன. கண் பற்றுக்கோடின்றித் தவிக்கிறது. 1980இல் நியூயார்க்கில் அவரது கண்காட்சியில், ஒளியைச் சுவரென எண்ணிச் சாய்ந்து விழுந்தவர்கள் வழக்குத் தொடுத்ததும் உண்டு.

இலா மான்டே யங், மேரியன் சசீலா இணையரின் கனவு இல்லம் இந்திய இசைக்கு நேரே கடன்பட்டது. 1970 முதல் கிரானா மரபுப் பாடகர் பண்டிட் பிராண் நாத்திடம் பயின்ற இவ்விருவரும், தம்பூராவின் நீள்சுருதியை மின்னொலியாக்கி, இளஞ்சிவப்பு ஒளி நிறைந்த அறையில் இடையறாது ஒலிக்கவிட்டனர். 1993இல் அது நியூயார்க்கின் சர்ச் தெருவில் இடம்பெற்றது. தலையைச் சற்றே அசைத்தால் சுருதி மாறித் தோன்றும். அசையாது நின்றால் நிலைத்து நிற்கும். பாட்டை அறைக்குள் எங்கோ விட்டுவிட்டுக் கேட்பவரைத் தேடச் செய்யும் உத்தி இது.

மாக்ஸ் நியூஹவுஸ் இன்னும் ஒருபடி சென்றார். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் நடைபாதைக் கம்பித்தட்டுக்கு அடியில், 1977இல், மணி ஓய்ந்தபின் எஞ்சும் ரீங்காரம் போன்ற ஒலியை அமைத்தார். பெயர்ப்பலகை வைக்கவில்லை. ஆயிரவர் அதன்மீது நடந்து சென்றனர். நின்று கேட்டவர் சிலரே. 1992இல் நிறுத்தப்பட்ட அது 2002இல் மீண்டும் ஒலிக்கத் தொடங்கியது. சப்பானியரான இரியோஜி இகெடா, செவியின் உச்ச எல்லையை ஒட்டிய கூரிய ஒலிகளையும் கண் தொடர இயலா விரைவில் மாறும் கருப்பு வெள்ளைக் கோடுகளையும் கொண்டு அரங்குகளை அமைத்தார். 2014இல் முதல் உலகப் போரின் நூற்றாண்டையொட்டி இலண்டனில் 49 தேடுவிளக்குகளை வானோக்கி எரியவிட்ட படைப்பும் அவருடையதே.

கொச்சியில் ஒலித்த கவிஞர் குரல்

இந்தியாவில் இக்கலையைப் பரவலாக அறியச் செய்தது 2012இல் தொடங்கிய கொச்சி முசிறி ஈராண்டுக் கலைவிழா. பழம்பெரும் முசிறித் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய அவ்விழாவின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், சப்பானியரான இரியோட்டா குவாகுபோ ஓர் இருட்டறையில் பொம்மைத் தொடர்வண்டி ஓடச் செய்தார். வண்டியின் முன்னே ஒரு சிறு விளக்கு. வழியில் வைத்திருந்த சாதாரண வீட்டுப் பொருள்கள் சுவரில் நகரங்களாகவும் காடுகளாகவும் நிழலாய் எழுந்து வளர்ந்து மறைந்தன. நிழற்பாவைக் கூத்தை அறிந்த தென்னாட்டார்க்கு அது அயலானதாகத் தோன்றியிருக்க இயலாது.

கவிஞர்கள் கருதத்தக்க படைப்பு 2018இல் அங்கு வைக்கப்பட்டது. மும்பையைச் சேர்ந்த ஷில்பா குப்தா, பழங்காலம் முதல் இக்காலம் வரை தம் எழுத்துக்காகவோ கொள்கைக்காகவோ சிறைப்பட்ட நூறு கவிஞர்களைத் தெரிந்தெடுத்தார். மங்கிய ஒளியுடைய கூடத்தில் நூறு இரும்புக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் கவிதை வரிகள் அச்சிட்ட ஒரு தாள் குத்தப்பட்டிருந்தது. மேலே நூறு ஒலிவாங்கிகள் தொங்கின. பேச்சை வாங்கவேண்டிய அக்கருவிகளைப் பேச்சை வெளியிடுமாறு மாற்றியமைத்திருந்தார் அவர். ஒன்றிலிருந்து ஒரு குரல் எழும்; ஏனைய தொண்ணூற்றொன்பதும் அதைப் பின்தொடர்ந்து ஒலிக்கும். பல மொழிகளில் எழுந்த அவ்வரிகளின் பொருள் எல்லாப் பார்வையாளருக்கும் விளங்கியிராது. எனினும் எந்தக் குரல் எப்பக்கத்திலிருந்து வரும் என்று செவி சாய்த்து அவர்கள் காத்து நின்றனர். கவிதை கேட்பது என்றால் என்ன என்பதை இவ்வளவு தெளிவாக உணர்த்திய அரங்குகள் மிகச் சில.

ஆலை நகரின் செவி

இக்கலை அருங்காட்சியகத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று என்பதை அம்பத்தூரும் ஆவடியும் உணர்த்துகின்றன. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1960களில் தொழிற்பேட்டை எழுந்தது. 1965இல் ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து முதல் விசயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. ஏரியும் வயலும் இருந்த இடத்தில் அழுத்தப்பொறிகளும் கடைசல் பட்டறைகளும் இரவுபகலாக ஒலித்தன. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அவ்வொலியே சோறு.

அதன் விலை செவியில் செலுத்தப்பட்டது. ஆலையில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது சட்டம் வகுத்த வரம்பு. பேரொலியால் வரும் செவிக்குறைபாடு தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் தொழில்நோயாகக் குறிக்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும், தொழிற்பகுதிக்கு முறையே 75, 70 டெசிபலும் வகுத்தன. வீடும் பட்டறையும் ஒரே தெருவில் அமைந்த ஊர்களில் எவ்வரம்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது அரிது.

இக்குறைபாடு வரும் முறை கவிஞர்கள் அறியவேண்டியது. வினாடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய உயர்ந்த ஒலிகளே முதலில் மறைகின்றன. தாழ்ந்த அதிர்வுடைய உயிரொலிகள் நெடுங்காலம் கேட்கின்றன. க, ச, த, ப போன்ற வல்லின மெய்களின் கூர்மை முதலில் தேய்கிறது. முப்பது ஆண்டு அழுத்தப்பொறியின் அருகில் நின்று ஓய்வுபெற்ற தொழிலாளி கவியரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருந்தால், அவர் செவிக்கு உயிர் எட்டும், மெய் எட்டாது. மோனையும் எதுகையும் அவரை அடையுமுன் கரைந்துவிடும். ஒலிபெருக்கியின் அளவை உயர்த்துவதால் இக்குறை தீராது. ஒலி பெருகும், தெளிவு பெருகாது.

கண்ணின் நிலையும் இதுவே. இருளுக்குப் பழக அரைமணி வேண்டும் கண்ணுக்கு, விளக்குக் கம்பங்களும் விளம்பரப் பலகைகளும் நிறைந்த நெடுஞ்சாலைகளில் அரை நிமிடம் கிடைப்பதும் அரிது. சுந்தரர் நடந்த வழியில் இன்று கண்ணுள்ளவர்க்கும் மறைந்திருப்பவை விண்மீன்கள்.

டரல் பெருஞ்செலவில் அமைத்த இருளும், கேஜ் தேடிச் சென்ற அமைதியும் ஒரு காலத்தில் இவ்வூர்களில் விலையின்றிக் கிடைத்தன. 2008இல் நிறைவுற்ற ஆரோவில்லின் மாத்ரி மந்திரில், வெண்பளிங்கு அறையினுள், கண்ணாடிக் கோளத்தின்மீது விழும் ஒற்றைச் சூரியக் கதிரின் முன் பேசாமல் அமர்ந்திருக்க அயல்நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவர்கள் நாடி வருவது புதுப்பொருளை அன்று. தம் ஊர்களில் இழந்ததை.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஓர் இலக்கிய வட்டம் தன் கூட்டத்தில் ஒலிபெருக்கியை நிறுத்தி, விளக்கைத் தணித்து, கவிஞரை அவையின் நடுவே நிற்கச் செய்து, பின்வரிசை முதியவரை முன்னே அமர்த்தினால் போதும். அந்த அறையே ஒரு நிறுவல் ஆகும். அவர் உதடுகளையும் காண்பார். வல்லினத்தைச் செவி தவறவிட்டாலும் கண் பற்றிக்கொள்ளும். நான்காம் அறிவு ஐந்தாம் அறிவுக்குக் கைகொடுக்க, எஞ்சியதை ஆறாம் அறிவு நிரப்பும்.

நின்றவூரில் கோயில் இல்லை என்று மன்னனிடம் சொன்ன ஊரார் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதையே சொன்னார்கள். மன்னன் அவ்விடையோடு திரும்பிச் செல்லாமல், பூசலார் யாவர் என்று மீண்டும் கேட்டான். அவரிடம் சென்று வணங்கிக் கேட்டபின்பே அக்கோயிலை அறிந்தான். இன்று திருநின்றவூரில் இருதயாலீசுவரர் என்னும் பெயரோடு கல்லாலும் ஒரு கோயில் நிற்கிறது.